சிலைக்கு முகம் கொடுத்தவர்

“ஒரு ஆள் குறையுதே” என்று அண்ணாச்சி காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தது. மடியில் கிடக்கும் பூவைச் சாக்கில் தள்ளிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “யாரு வரல? நான் வாரேன்” என்று எழுந்துவிடுவார். எங்கே, எதற்கு என்பதையெல்லாம் வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அவருக்குக் கடை இருந்தது. அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் வெகுகாலம் குடியிருந்தேன். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. ஊருக்குள் என்னை ஊசிக்காரி என்பார்கள். கையில் இருக்கும் ஊசியைவிட வாயில் இருக்கும் ஊசி கூர்மை என்றும் சொல்வார்கள். பொய்யில்லை. அண்ணாச்சியை நான் கேலி பண்ணாத நாள் கிடையாது. அவரை நினைத்துப் பயந்த அளவுக்கு வேறு யாரை நினைத்தும் நான் பயந்ததும் கிடையாது.

கூடப் பிறந்தவன் இல்லாத பெண்கள் பிள்ளைக்குக் காது குத்தினால் மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும் இல்லையா? அண்ணாச்சி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். குழந்தை வீறிட்டு அவர் வேட்டியை நனைக்கும். அவர் அந்த ஈர வேட்டியோடு வந்து, “நமக்கு இன்னொரு மருமக வந்துட்டா” என்று சிரிப்பார். அப்பா இல்லாத பையனுக்குச் சித்தப்பாவாகப் பெண் பார்க்கப் போவார். மேலநீலிதநல்லூர் ஷேர் ஆட்டோ ஒரு ஆளுக்காகக் கிளம்பாமல் நின்றால், ஏறி உட்கார்ந்து அந்த ஊர் வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பி வருவார். போட்டோ ஸ்டுடியோக்காரன் விளக்கு சரிபார்க்க ஒரு முகம் வேண்டுமென்றால் கூப்பிடுவது அண்ணாச்சியைத்தான். யார் என்றே தெரியாத வீட்டில், பாடைக்கு நாலாவது தோள் இல்லையென்றாலும் அவரைத்தான்.

“அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒரு ஜோலியும் கெடையாதா?” என்று கேட்டிருக்கிறேன்.

“இதுதான் தாயி நம்ம ஜோலி. ஒரு எடம் காலியாக் கெடந்தா எனக்குக் கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கும். போய் உக்காந்தாத்தான் சரியாவும்.”

அவர் மனைவியை நான் மைனி என்பேன். ஒல்லியான உடம்பு, பேச்சும் ஒல்லிதான். வீட்டில் உட்கார்ந்து மாலை கட்டுவார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, பூவை அடுக்கி, அவர் விரல் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிள்ளை இல்லை அவர்களுக்கு. அதைப் பற்றி மைனி பேச மாட்டார். அண்ணாச்சியைப் பற்றித்தான் பேசுவார், அதுவும் அவர் தெருமுனை திரும்பிய பிறகு.

“காலியா இருக்க எடம் எதுக்குக் காலியா இருக்குன்னு கேக்கவே மாட்டாரு ஏட்டி. நல்லதுக்கும் போய் நிக்காரு, கெட்டதுக்கும் போய் நிக்காரு. ஒருநா எமனுக்கு ஒரு ஆளு குறையும் பாரு. அன்னைக்கும் இந்த மனுசன் ‘நான் வாரேன்’னு துண்டை உதறுவாரு.”

நான் சிரித்தேன். மைனி சிரிக்கவில்லை. நாரை வாயால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த மாலையை எடுத்தார்.

கடையநல்லூரில் அண்ணாச்சிக்கு ஒரு சிநேகிதர். சின்ன வயசில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பாய் சவூதிக்குப் போய்விட்டார். உம்மாவும் தங்கச்சியும் மட்டும் ஊரில். பெருநாளுக்குப் பெருநாள் அண்ணாச்சி அங்கே போய், மகனுக்காக வைத்த தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். அந்த உம்மாவும் “எம்மவனுக்குப் பசி தெரியாம பாத்துக்கோ அல்லா” என்று சொல்லிக்கொண்டே இவருக்குப் பரிமாறுமாம்.

உம்மாவுக்கு முடியாமல் போனது. கண்ணும் மங்கிவிட்டது. மகன் எங்கே, மகன் எங்கே என்று கேட்டபடி இருந்திருக்கிறது. விமானத்தில் இடம் கிடைக்காமல் அவர் அங்கே தவித்துக்கொண்டிருக்க, தங்கச்சி அண்ணாச்சிக்குப் போன் போட்டு, “உம்மா படுத பாட்டைப் பாக்க முடியல அண்ணாச்சி” என்று அழுதிருக்கிறாள். ஆறுதலுக்குத்தான் கூப்பிட்டாள். இவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்து, “உம்மா, நான் வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டார். உம்மா அந்தக் கையைத் தடவிப் பார்த்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்படியே மவுத்தாகிவிட்டது.

அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் பாய் வந்து சேர்ந்தார். ஒருநாள் காலையில் பூக்கடைக்கு வந்தார். நான் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

“நீரு நல்லதுதான் செஞ்சீரு வே. குத்தம் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். “ஆனா உம்மா என்னத் தேடிக்கிட்டே போயிருந்தா, அந்தத் தேட்டமாவது எனக்கு மிஞ்சியிருக்கும். இப்ப அது தேடல. நான் வந்துட்டேன்னு நெனச்சுப் போயிட்டு. நான் வரவே இல்லையே வே.”

அண்ணாச்சி ஒரு முழம் பூவை எடுத்து இலையில் சுற்றி அவரிடம் நீட்டினார். பாய் அதை வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப்பக்கம் வந்து நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பார்த்து அந்த மனிதர் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அடுத்த வாரமே யாருக்கோ சாட்சிக் கையெழுத்துப் போட ரிஜிஸ்தர் ஆபீஸ் போய்விட்டார்.

கிழக்கே கரிசல் காட்டுப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது. நாடு முழுக்கப் பாடுகிற பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட ஒரு பெரிய இசை மேதை பிறந்த ஊர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று பாடியதும் அவர் மெட்டில்தான். அவருக்கு அங்கே ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள். கட்டிடம் எழும்பிவிட்டது, பீடமும் தயார். சிலை செய்யத்தான் வழியில்லை. ஏனென்றால் அந்த மேதைக்கு ஒரு படம்கூடக் கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து, பெரிய பெரிய மனிதர்கள் கேட்டும் கடைசிவரை படம் எடுக்க விடவில்லையாம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்: நீளக் காது, அகல நெற்றி, பாதி மூடின மாதிரி கண்.

மண்டபக் குழுவின் செயலாளர் அண்ணாச்சி கடையில் மாலை வாங்குகிறவர். சிற்பியையும் கூட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், கடையில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். “எல்லாம் தயாரா இருக்கு அண்ணாச்சி. ஒரு மொகம்தான் குறையுது.”

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? தோவாளைக்குப் பூ வாங்கப் போவதாக மைனியிடம் சொல்லிவிட்டு, தினமும் போய்ச் சிற்பியின் களிமண்ணுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். மைனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்களில் தோவாளையிலிருந்து பூவே வரவில்லை என்பதை மட்டும் மைனி கவனித்திருக்கிறார். கேட்கவில்லை.

மண்டபம் திறந்து, அந்த மேதையின் நினைவு நாள் முதல் தடவையாக வந்தது. அண்ணாச்சி ஒரு வேன் பிடித்தார். எங்கள் தெருப் பெண்கள் சிலரும் மைனியும் நானும். “வாங்க, ஒரு அதிசயம் காட்டுதேன்” என்றார். வேனில் பின் சீட்டு முழுக்க ஒரு ஆளுயர மாலை படுத்திருந்தது, ரோஜாவும் சம்பங்கியும் விரவிக் கட்டினது. மைனிதான் கட்டினார். “யாருக்கு?” என்று கேட்டதற்கு, “ஒரு பெரிய மனுசருக்கு. நல்லாக் கட்டு” என்றாராம்.

வாசலில் சிமெண்டில் தம்புரா வடிவத்தில் ஒரு வளைவு. காம்பவுண்டு ஓரமாக வேப்பங்கன்றுகள் தண்ணீர் பார்த்து நாளாகி நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கல் தரை காலைச் சுட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த மேதையின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக் கூரையில் பட்டு அந்தப் பாட்டு திரும்பி வரும்போது ஒரு கூட்டம் தொலைவில் அழுவது போல எனக்குக் கேட்டது. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

சிலை வெண்கலம். சம்மணம் போட்டு, தோளில் தம்புரா சாய்த்து, இடது கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தது. சிறப்பு விருந்தினர் ஏணியில் ஏறி எங்கள் மாலையை அதன் கழுத்தில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே இருந்தது அண்ணாச்சியின் முகம்.

முகம் ஒத்துப்போவது உலகத்தில் இல்லாததில்லை என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சியின் இடது கைச் சுண்டுவிரல், கடை ஷட்டர் விழுந்ததில் உள்பக்கமாக வளைந்து போனது. சிலையின் சுண்டுவிரலும் வளைந்திருந்தது.

மைனி என் பக்கத்தில் நின்றார். அவர் அண்ணாச்சியின் இடது கையைப் பிடித்துத் தன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு சிலையைப் பார்த்தார். பீடத்தில் தோற்றம் என்று ஒரு தேதியும் மறைவு என்று ஒரு தேதியும் வெட்டியிருந்தது. அதைப் படித்தார். கையை விட்டுவிட்டார்.

“ஏட்டி, அது யாரு கட்டுன மாலை?”

“நம்ம மாலைதான் மைனி.”

“ஆமா. நாந்தான் கட்டுனேன். நல்லாக் கட்டுன்னாருல்லா, நல்லாத்தான் கட்டுனேன்.”

மைக்கில் மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். பாட்டு நின்றது. பிள்ளைகள், விருந்தினர், குழுவினர், எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அந்த முகத்துக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அண்ணாச்சியும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் முகத்துக்குத் தானே அஞ்சலி செலுத்திக்கொண்டு நின்றார். தைரியம் உள்ளவள்தான் நான். தினமும் அடுத்தவர் ரத்தத்தில் கை வைக்கிறவள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

தலை குனியாமல் நின்றது மைனி மட்டும்தான். “ஆளு இங்கன உசுரோட நிக்காரு!” என்று கத்தினார். அந்த மண்டபம் அதையும் வாங்கித் திருப்பிச் சொன்னது.

செயலாளர் பதறிப்போய் வந்து, அண்ணாச்சியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மைக்கைப் பிடித்து, இந்தச் சிலைக்கு முகம் கொடுத்தவர் இதோ நம்மிடையே இருக்கிறார் என்று அறிவித்தார். அவ்வளவுதான். ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவரைப் பீடத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். கீழே இருக்கிற முகத்துக்கும் மாலை இருந்தால்தானே படம் பொருத்தமாக இருக்கும் என்று எவனோ ஒருவன் மிச்சம் கிடந்த மாலை ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் போட்டான். அண்ணாச்சி பாதிக் கண் மூடி, சிலை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டார். கேட்டார்களாம், வைத்தாராம்.

மைனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். நார் அறுந்து பூவெல்லாம் தரையில் உருண்டது. ஒரு சின்னப் பிள்ளை அதைப் பொறுக்கப் போக, அதன் டீச்சர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது வேனில், பனவடலிசத்திரம் தாண்டிய பிறகு மைனிதான் வாயைத் திறந்தார்.

“அந்த மொகத்த எடுக்கச் சொல்லுங்க.”

“ஆகட்டும்” என்றார் அண்ணாச்சி.

“வருசா வருசம் இன்னைக்கு அவங்க மாலை போடுவாங்க. ஒங்க மொகத்துக்குத்தான் போடுவாங்க. ஒங்களுக்கு அது வெளங்குதா, இல்லையா?”

“அது நானா? அவருல்லா.”

“அவரே பயந்துதான படம் எடுக்கல? அவரு வேண்டாம்னு ஒதுக்குன எடத்துல நீங்க போய் உக்காந்திருக்கீங்க.”

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஆகட்டும், சொல்லுதேன்” என்று இன்னொரு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு மைனிக்கு நிம்மதி போயிற்று. அண்ணாச்சிக்கு விக்கல் எடுத்தால் எழுந்து நின்றுவிடுவார். அவர் சாப்பிடும்போது கரண்ட் போனால், வரும்வரை அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்பார். வண்டி சறுக்கி அவர் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று மைனிக்குத்தான் காய்ச்சல் வந்தது. எனக்கு இந்த மாதிரி பயங்களில் நம்பிக்கை கிடையாது. மைனியிடம் அதைப் பலதடவை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது நானும் உள்ளே எட்டிப் பார்த்து, அண்ணாச்சியின் இருமல் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

மைனி விடாமல் நச்சரித்து, கடைசியில் ஒருநாள் அண்ணாச்சி சிலையைப் பற்றிப் பேசக் கிளம்பினார். நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தோம். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். தோளில் சரிகை போட்ட பொன்னாடை.

“என்ன அண்ணாச்சி இது?” என்றேன்.

“அங்கன ஒரு பாராட்டு விழா தாயி. வரவேண்டிய ஆளு வரல. மேடையில நாற்காலி காலியாக் கெடக்கு. பாத்துக்கிட்டு எப்படி இருக்க முடியும்?”

“நீங்க போன காரியம்?”

“அது வெங்கலத்துல ஊத்துனதுல்லா. அத எப்படி மாத்த முடியும்? அடுத்த தடவ போவும்போது நயமாக் கேக்கேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மைனி அந்தப் பொன்னாடையை அவர் தோளிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அவர் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அது ஆடி மாதம். தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. எங்கள் ஊரில் கொடியேறினால் நேர்ச்சை உள்ளவர்கள் கோயிலை வலம் வர ஆரம்பிப்பார்கள், ஆடிச்சுற்று என்று சொல்வோம். மறுநாள் காலையில் மைனி என்னைக் கூப்பிட்டார். சுற்றினோம், சுற்றினோம், என் கால் கழன்றுவிடும் போல ஆகியும் மைனி நிற்கவில்லை. கடைசியில் அம்மன் சன்னதிக்குப் போனார். அங்கே சன்னதிக்கு எதிரே தரையில் சக்கரம் பதித்த ஒரு பள்ளம் உண்டு. தீராத சங்கடம் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். மைனி அதில் இறங்கி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. கைகூடக் கூப்பவில்லை. மார்க்கெட்டில் பூவுக்கு விலை பேசும் குரலில் பேசினார்.

“அவருக்குன்னு நீ எத எடுத்து வச்சிருக்கியோ, அத எம்மேல போட்டுரு. ஒனக்கு எண்ணிக்கைக்கு ஒரு ஆளுதான வேணும்? நான் வாரேன்.”

நான் மைனியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “என்ன பேச்சு மைனி இது? வாபஸ் வாங்குங்க. இப்பமே வாங்குங்க.”

மைனி என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “அவரு ஊருக்கெல்லாம் போய் நிக்காரு. அவருக்குன்னு நிக்க யாருட்டி இருக்கா?”

வெளியே வந்ததும் எனக்கு ஒரு தேங்காய் சில்லு கொடுத்தார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அண்ணாச்சி விக்கினால் எழுந்து நிற்பது அன்றோடு நின்றுபோனது. அந்த அமைதிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தை பிறக்கும்போது மைனியின் வளையல் முழங்கை வரை ஏறிற்று. கண்ணில் மஞ்சள். நான்தான் ரத்தம் எடுத்தேன். முடிவு என் கைக்கு வந்தபோது அதை அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கல்லீரலில் என்றார். இது நேற்று இன்றைக்கு வந்ததில்லை, சில வருஷங்களாகவே உள்ளே இருந்திருக்கிறது என்றும் சொன்னார். சிலை வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணாச்சி கடையை மூடிவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கிடந்தார். யார் யாரோ வாசலில் வந்து ஆள் குறைகிறது என்றார்கள். அவர் காதில் அது விழவே இல்லை. மைனி போன அன்று அவர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளைகளெல்லாம் வளர்ந்து வந்திருந்தார்கள். பாடையைத் தூக்க நான் நீ என்று போட்டி. அன்றைக்கு எந்த இடத்திலும் ஆள் குறையவில்லை.

பதினாறு முடிந்து சில நாள் கழித்து, காலையில் லேப் திறந்ததும் அண்ணாச்சி வந்தார். தாடியோடு, வெறும் வயிற்றில் வந்திருந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினார்.

“என்னென்ன டெஸ்ட் இருக்கோ எல்லாம் எடு தாயி.”

“என்ன செய்யுது அண்ணாச்சி?”

“ஒண்ணும் செய்யல. எடு.”

ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடினேன். என்னைப் பார்க்காமல் கேட்டார்: “கடைசியில அவ ஒரு வார்த்தை சொன்னா. கேட்டது கெடச்சிட்டுன்னா. ஆடிச்சுற்றுக்கு ஒன்னத்தான கூட்டிட்டுப் போனா? என்ன கேட்டா?”

ஊசி உள்ளே போய் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மழுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு அது வராது. மைனி பேசியதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். நோய் முன்னாலேயே இருந்தது, வேண்டுதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

“என் எடத்துல வந்து நில்லுன்னு நான் அவகிட்ட கேட்டனா?” என்றார்.

நான் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

“கேட்டனாட்டி? ஒருநாளாவது கேட்டனா?”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். கையிலிருந்து ஒரு சொட்டு என் மேஜையில் விழுந்து காய்ந்தது.

சாயங்காலம் முடிவை வாங்க வந்தார். ஒவ்வொன்றாக நானே இரண்டு தடவை சரிபார்த்து வைத்திருந்தேன். நாலு நல்ல வார்த்தை சொல்ல வாய்ப்பு கிடைத்ததே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

“எல்லாம் நார்மல் அண்ணாச்சி. சர்க்கரை இல்ல, கொழுப்பு இல்ல, கல்லீரல் கிட்னி எல்லாம் சுத்தம். சின்னப் பையன் ரத்தம் மாதிரி இருக்கு. நூறு வயசு இருப்பீங்க.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

“ஒண்ணுமே இல்லையா?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி.”

“ஏதாவது இருக்கும் தாயி. நல்லாப் பாரு” என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மறுபடியும் மேலே சுருட்டி, கையை என் மேஜை மேல் நீட்டி வைத்தார்.